புகார் எண் நானூற்றுப் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு டாக்கீஸ் தன் செல்போனில் ஒரு வீடியோவின் அதே முப்பது விநாடியை ஐந்தாவது தடவையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கப்புறம் சத்தத்தைக் கூட்டிவைத்து, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"பிரேக் பிடிக்கல."

"எந்த வண்டியில?"

"வண்டி இல்ல. லிஃப்ட். இந்தப் படத்துல வர்ற லிஃப்ட்."

அவள் மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள். படத்தில் வருவதற்கெல்லாம் பதறினால் குடித்தனம் நடத்த முடியுமா?

டாக்கீஸ் என்பது கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால், மனிதர் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்த்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்திலும் எந்தக் கட்டடத்திலாவது யாராவது மாட்டிக்கொண்டு மணி அடிப்பார்கள். மூன்று மணி நேரப் படத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து ஓடியது ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கடைசியாக ஓடியபோது கொலைகாரன் யாரென்று தெரியாமலே ஓடினார், இன்றுவரை தெரியாது. அதோடு பெரிய படங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

குறும்படம் அவரிடம் வந்து சேர்ந்ததும் ஒரு லிஃப்ட் வழியாகத்தான். எட்டு வருஷத்துக்கு முன் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தாடிக்காரனை வெளியே இழுத்துப் போட்டார். அவன் நன்றி சொல்வதை விட்டுவிட்டு, "சார், நான் ஒரு படம் எடுத்திருக்கேன், ஒன்பது நிமிஷம்தான், பாருங்களேன்" என்று லிங்க் அனுப்பினான். பிழைத்த கையோடு விளம்பரம் செய்கிறானே என்று டாக்கீஸுக்கு எரிச்சல். ஆனாலும் மிஷின் ரூமில், அதாவது மொட்டைமாடியில் லிஃப்ட்டின் மோட்டார் இருக்கிற அறையில், டீ குடிக்கும் நேரத்துக்குப் பார்க்கலாமே என்று போட்டார். படம் முடிந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அதுவரை அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர். தான் முப்பத்திரண்டாவது ஆள் என்பது அவரை என்னவோ செய்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இரண்டு கம்ப்ளைன்ட்டுக்கு நடுவில் ஒரு படம். நூறு பேருக்குக் கீழே பார்த்த படம்தான் வேண்டும். லட்சம் பேர் பார்க்கிறதைப் பார்க்கத்தான் லட்சம் பேர் இருக்கிறார்களே என்பார். பேசுவது காதில் விழாத படம், இருட்டில் எடுத்து ஒன்றுமே தெரியாத படம், இயக்குநரின் அத்தையே கதாநாயகியாக வருகிற படம், எதையும் விடமாட்டார். பார்த்தால் மட்டும் போதாது, கீழே நாலு வரி எழுதியாக வேண்டும். 'சூப்பர்' என்று எழுதுவது பிச்சை போடுகிற மாதிரி என்பது அவர் கட்சி. எத்தனையாவது நிமிடத்தில் எது நன்றாக இருந்தது என்று குறிப்பாக எழுதுவார்.

"நாப்பது பேர் பார்த்த படத்துக்கு நாப்பத்தோராவதா நின்னு மார்க் போடறதுக்கு ஒரு ஆளு" என்பாள் மனைவி. அவள் நர்சரிப் பள்ளி டீச்சர். மார்க் போடுவதெல்லாம் தன் அதிகாரத்தில் சேர்ந்தது என்று நினைப்பவள்.

பிறகு வந்தது 'குடியிருப்போர் கவனத்திற்கு' என்கிற தொடர். நிஜமான ஆவணப்படம் மாதிரியே கேமரா ஆடும், ஆட்கள் கேமராவைப் பார்த்துப் பேட்டி கொடுப்பார்கள், ஆனால் அத்தனையும் நடிப்பு. பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நலச் சங்கச் செயலாளர்தான் நாயகன். தண்ணீர்த் தொட்டி முதல் மாடிப்படி பல்பு வரை எதையும் சரிசெய்யாமல் எல்லாவற்றுக்கும் அறிக்கை விடுகிற மகானுபாவர். லிஃப்ட்டின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றபடி அவர் உரையாற்றுவதுதான் தொடரின் முத்திரை. உள்ளே இருப்பவர்கள் இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நெளிவார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும்.

இந்தத் தொடரின் ரசிகர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இது படம் என்று யாரும் சொல்லக்கூடாது. வீடியோவுக்குக் கீழே எல்லோரும் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களாகவே எழுதுவார்கள். 'நாலாம் மாடியில் தண்ணீர் இல்லை, சந்தா கிடையாது' என்று ஒருவர். 'பொருளாளர் எங்கள் ஏணியை இன்னும் திருப்பித் தரவில்லை' என்று இன்னொருவர். யாராவது விவரம் தெரியாமல் 'நடிப்பு அருமை' என்று எழுதிவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து, 'யார் நடிக்கிறார்கள்? எங்கள் செயலாளரை அவமதிக்காதே' என்று துரத்திவிடுவார்கள். டாக்கீஸ் இந்த விளையாட்டில் ராஜா. 'மிஷின்ரூம் மாமா' என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்காக எழுதினார். இரண்டாம் பகுதிக்கு, 'பிரேக் லீவில் போயிருக்கிறது, ஏறுபவர்கள் உயில் எழுதிவிட்டு ஏறவும்' என்று எழுதினார். அறுநூறு பேர் சிரித்தார்கள். இயக்குநரே அதை எல்லாக் கமென்ட்டுக்கும் மேலே குத்தி வைத்தாள். அந்த வாரம் முழுக்க டாக்கீஸின் கால் தரையில் படவில்லை.

இப்போது இந்த ஐந்தாம் பகுதி. ஏழு பேர் லிஃப்ட்டில் ஏறுகிறார்கள். செயலாளர் வழக்கம்போல வாசலில் ஒரு காலோடு பேசுகிறார். அவர் பேசப் பேச லிஃப்ட்டின் தரை கீழே இறங்குகிறது. அரை விரல், ஒரு விரல், மூன்று விரல். செயலாளர் குனிந்து பார்த்துவிட்டு, "கட்டடம் வளருது" என்கிறார். ஊரே சிரித்திருந்தது. ஆனால் அந்த வசனத்தைச் சொல்வதற்கு முன் அந்த மனிதரின் கண் ஒரு நொடி பயந்துபோனதை டாக்கீஸ் பார்த்துவிட்டார். ஆறாவது நிமிடம். எழுதிவைத்த வசனத்துக்கு யாரும் அப்படிப் பயப்பட மாட்டார்கள்.

பாரம் ஏறினால் கம்பிக்கயிறு கொஞ்சம் இழுபடும். அது அரை விரல் இறங்கி நின்றுவிடும். இது நிற்கவில்லை. நின்ற இடத்தில் லிஃப்ட்டைப் பிடித்துவைத்திருப்பது மேலே மோட்டாரோடு இருக்கிற பிரேக்தான். அது தேய்ந்து வழுக்குகிறது. ஏழு பேருக்கே மூன்று விரல்.

பகுதி முடிந்ததும் திரையில் அறிவிப்பு வந்தது. 'சங்க அலுவலகம் ஒழுகுவதால் ஆண்டுப் பொதுக்குழு லிஃப்ட்டுக்குள்ளேயே நடைபெறும். ஞாயிறு காலை பதினொரு மணி, ஐந்தாம் மாடி. பதினான்கு உறுப்பினர்களும் தவறாமல் உள்ளே வரவும்.' கீழே சின்ன எழுத்தில், கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு இன்று என்று இருந்தது.

எட்டுப் பேருக்கான லிஃப்ட்டில் பதினான்கு பேர். வாசலில் ஒரு காலோடு செயலாளர். லிஃப்ட் வழுக்கி இறங்கினால் அதன் மேல் இரும்புச் சட்டம் அவர் தலைக்கு நேரே வரும். டாக்கீஸ் தன் சர்வீஸில் அப்படி ஒரு சாவைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

உடனே கமென்ட் எழுதினார். 'பிரேக் நிஜமாகவே போயிருக்கிறது. யாரும் ஏறாதீர்கள். நான் நிஜ மெக்கானிக்.' இரண்டு நிமிடத்தில் நாற்பது சிரிப்பு. 'மாமா ஃபுல் ஃபார்ம்ல இருக்கார்.' அவர் மறுபடி எழுதினார்: 'விளையாட்டு இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.' நூற்றிருபது சிரிப்பு. 'மாமா, உயில் எழுதியாச்சு, சாட்சிக் கையெழுத்து போட வாங்க.' அவர் எழுதிய வாக்கியத்தையே அவர் முகத்தில் வீசினார்கள்.

தொடரின் மெயில் முகவரிக்கு எழுதினார். என்ன கோளாறு, ஏன் ஆபத்து, தன் போன் நம்பர், எல்லாம் போட்டு எழுதினார். ஒன்பது இருபத்தைந்துக்குப் பதில் வந்தது. 'குடியிருப்போர் நலச் சங்கத்தின் வணக்கம். தங்கள் புகார் எண் 417. நாற்பத்தைந்து வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும். செயலாளர்.'

"மிஷினே பதில் போடுது" என்று பல்லைக் கடித்தார்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். "யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றார். "எந்தக் கட்டடம்?" அதுவும் தெரியாது என்றார். "மாட்டினப்புறம் அட்ரஸோட கூப்பிடுங்க சார்" என்று வைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

இதற்குள் மனைவி துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். வீடியோவைத் தானும் பார்த்தாள். "இதுல எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க, அது தெரியுது. புலி வருது புலி வருதுன்னு நீங்கதானே இத்தனை மாசமா கத்தினீங்க? இனிமே எழுதிப் பிரயோஜனம் இல்ல. நேர்ல போங்க."

"எங்கன்னு போக?"

"எட்டு வருஷமா படம் பார்க்கறீங்களே, பார்த்துக் கண்டுபிடிங்க."

அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். செயலாளரின் தலைக்குப் பின்னால், லிஃப்ட்டின் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் சர்வீஸ் அட்டை தொங்கியது. மாதாமாதம் வந்து பார்க்கிற மெக்கானிக் தேதி போட்டுக் கையெழுத்திடுகிற அட்டை. பெரிதாக்கினார். பன்னிரண்டு கட்டத்திலும் கையெழுத்து. ஒரே பேனா, ஒரே சாய்வு. இன்னும் பிறக்காத அடுத்த மூன்று மாதத்துக்கும் கையெழுத்து போட்டிருந்தது. வாலைச் சுழித்த மீன் மாதிரி இருந்த அந்தக் கையெழுத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷம் கூடவே வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாகக் குறைந்த கூலிக்குக் காண்ட்ராக்ட் எடுக்கிற ஸ்பேனர் என்கிறவனுடையது.

ஸ்பேனர் மூன்றாவது அழைப்புக்குத்தான் எடுத்தான். "டாக்கீஸ் அண்ணே! இப்பதான் உங்க கமென்ட்டைப் படிச்சுச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். செம!"

"டேய், அது உன் லிஃப்ட்டு. பிரேக் வழுக்குது. நிஜமா."

"அது படம் அண்ணே. கேமரால ஏதாவது பண்ணியிருப்பாங்க."

"மிஷின் ரூமுக்குக் கடைசியா எப்ப ஏறின?"

போனில் அவனுக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

"உன்னை மாட்டிவிட நான் போன் பண்ணல. ஏறினியா, இல்லையா?"

"மேல ரூம் சாவி தொலைஞ்சு போச்சுண்ணே. ஏழெட்டு மாசமாச்சு. கீழேயே பார்த்துட்டு…" அவன் குரல் இறங்கிவிட்டது. "விழுந்தாலும் கவர்னர் கவ்விடும்ல?"

லிஃப்ட் வேகம் எடுத்தால் தானாகக் கவ்விப் பிடிக்கிற கருவிதான் கவர்னர்.

"உள்ள இருக்கறவனை கவர்னர் காப்பாத்தும். வாசல்ல ஒரு காலை வச்சு நிக்கறவனை யார்றா காப்பாத்துவா? அட்ரஸைச் சொல்லு."

சொன்னான். வாட்ச்மேன் நம்பரையும் கொடுத்தான். வாட்ச்மேனும் படத்தில் நடிக்கிறார் போலிருக்கிறது. மணி அடித்து அடித்து நின்றது.

பத்து மணி பத்து நிமிடம். முக்கால் மணி நேரத் தூரம். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடப் போனவரை மனைவி நிறுத்தினாள். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போங்க. இல்லேன்னா யாரோ எவரோன்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க." நல்ல யோசனை என்றுதான் இருவருக்கும் பட்டது. வினை அதில்தான் இருந்தது.

வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது அவருக்கு அழுகை வந்தது. அந்தத் தொடரில் நடிக்கிற ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். பொருளாளராக வருகிற குண்டு மனிதர் முன்பு ஒரு படத்தில் பல் வைத்தியராக வந்தார். அதைப் பார்த்தவர்கள் எழுபது பேர். நாலாம் மாடி அம்மாவாக வருபவள் மூன்று படத்தில் பிணமாக மட்டுமே நடித்தவள். செயலாளரை அவர் முதலில் பார்த்தது பதினொரு நிமிடப் படம் ஒன்றில். செத்துப்போன வாடகைக்காரனின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிற கிழவர் வேஷம். நாற்பத்துநாலு பேர் பார்த்த படம். அதற்கு இருந்த ஒரே கமென்ட் டாக்கீஸ் எழுதியது. இவர்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அவருக்கோ, சொந்தக்காரர்களில் பாதிப் பேரைவிட இவர்களை அதிகம் தெரியும். பச்சை விளக்கு விழுந்ததும் பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டினான்.

கட்டட வாசலை அடைந்தபோது பதினொன்று அடித்து நாலு நிமிடம். வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றது. மின்சாரத்தை நிறுத்திப் பயனில்லை. நின்ற இடத்திலேயே வழுக்குகிற லிஃப்ட்டுக்குக் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன. படியேறினார். ஐம்பத்துமூன்று வயது முழங்கால், மூன்றாம் மாடியிலேயே கெஞ்சியது. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்புக் கேட்கிறதென்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

ஐந்தாம் மாடியில் இரண்டு கேமரா, நாலு விளக்கு. கம்பிக் கதவு திறந்திருந்தது. உள்ளே பதினொரு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்; இன்னும் இரண்டு பேர் ஏறக் காத்திருந்தார்கள். செயலாளர் கதவைப் பிடித்தபடி, வலது கால் உள்ளே, இடது கால் வெளியே என்று நின்று, கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். டாக்கீஸின் கண் முதலில் தரைக்குத்தான் போனது. லிஃப்ட்டின் தரை வாசலுக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

"எல்லாரும் இறங்குங்க! மெதுவா, ஒவ்வொருத்தரா!" என்று மூச்சிரைக்கக் கத்தினார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்த இயக்குநர் திரும்பினாள். முப்பது வயதுகூட இருக்காது, தலையில் பென்சில் செருகியிருந்தாள். யூனிஃபார்மைப் பார்த்தாள், கையிலிருந்த கருவிப் பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "மிஷின்ரூம் மாமாவா? ஐயோ, நிஜமாவே வந்துட்டீங்களா! காஸ்ட்யூம் எல்லாம் போட்டுக்கிட்டு!" கேமராக்காரரிடம் திரும்பி, "நிறுத்தாதே, அவர் பக்கம் போ" என்றாள்.

"அம்மா, இது காஸ்ட்யூம் இல்ல. பிரேக் போச்சு. மெயில் போட்டேனே!"

"பார்த்தோம், பார்த்தோம். நீங்க அப்படியே பேசுங்க மாமா, சூப்பரா இருக்கு."

செயலாளர் காலை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பி, வேஷத்தின் குரலில் சொன்னார்: "மெக்கானிக் அவர்களே, பொதுக்குழு நடக்கும்போது குறுக்கிடுவது விதி எண் ஒன்பதுக்கு விரோதம்." உள்ளே பதினொரு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் குலுக்கலில் தரை இன்னும் அரை விரல் இறங்கியதை டாக்கீஸ் மட்டும் பார்த்தார்.

அவர் கெஞ்சினார், சிரித்தார்கள். அதட்டினார், இன்னும் சிரித்தார்கள். பிடித்து இழுக்கவும் பயம். இழுபறியில் ஒருவர் தடுமாறி உள்ளே விழுந்தால் அதுவே போதும். என்ன சொன்னாலும் அது வசனமாகிவிடுகிறது. நிஜம் என்று சொல்வதுதான் இந்த விளையாட்டிலேயே பழைய வசனம். அவர்தானே அதை எழுதிப் பழக்கினார்!

அப்போதுதான் அவர் சட்டத்தை மீறினார். ரசிகன் ஒருவன் சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"இது படம்," என்றார். "நீங்க யாரும் சங்கத்து ஆளுங்க இல்ல. நடிகருங்க. பொருளாளர் சார், நீங்க பல் டாக்டரா நடிச்சீங்க, எழுபது பேர் பார்த்தாங்க, அதுல நான் ஒருத்தன். அம்மா, நீங்க மூணு படத்துல பிணமா வந்தீங்க, ரெண்டாவதுல உங்க கண் இமை அசைஞ்சுது, நான் யார்கிட்டயும் சொல்லல." சிரிப்பு குறைந்தது. அவர் செயலாளரைப் பார்த்தார். "ஐயா, நீங்க ஒரு சாவியைக் கொண்டு போய்க் கொடுத்தீங்க. மேசை மேல வச்சப்புறமும் உங்க விரல் சாவியை விடல. மூணு நொடி. அந்த மூணு நொடிக்காக இன்னொரு தடவை பார்த்தேன்."

செயலாளரின் முகம் மாறியது. அதற்கு வேஷத்தில் இடமில்லை.

"அந்தக் கமென்ட்…" என்றார். அது அவருடைய சொந்தக் குரல். மெலிதான, கொஞ்சம் கரகரத்த குரல். டாக்கீஸ் அதை அதற்கு முன் கேட்டதே இல்லை. "அதை எழுதினது நீங்களா? நான் அதைக் காகிதத்துல எழுதி வச்சிருக்கேன் தம்பி. அந்தப் படத்தோட நடிப்பை நிறுத்திடலாம்னு இருந்தேன். அந்த ஒரு கமென்ட்டாலதான் இன்னிக்கு இங்க நிக்கறேன்."

டாக்கீஸ் உள்ளே இருந்த அந்த ஒற்றைக் காலைப் பார்த்தார். இந்த மனிதரை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதே தான்தானா?

"அப்ப நான் எழுதினதை நம்பின மாதிரி, நான் சொல்றதையும் நம்புங்க. காலை எடுங்க ஐயா."

செயலாளர் அவரைப் பார்த்தார். பிறகு காலை எடுத்தார். அவசரத்தில் செருப்பு உள்ளேயே கழன்றுகொண்டது. டாக்கீஸ் அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உள்ளே இருந்த பொருளாளருக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. கேமரா ஓடுகிறதே, காட்சி தொய்ந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். "பிரேக் இருக்கா இல்லையான்னு பார்த்துடுவோம்!" என்று ஒரு குதி குதித்தார்.

லிஃப்ட் இறங்கியது. முதலில் சத்தமே இல்லாமல் ஒரு முழம், பிறகு கிறீச்சென்று ஆள் உயரம். மேல் சட்டம் வாசலை வெட்டிக்கொண்டு கீழே போனது. அப்புறம் வாசலில் இருட்டும் கயிறும் மட்டும்தான். அலறல் கீழே கீழே போய், கட்டடமே அதிர்கிற மாதிரி டமாரென்று ஒரு சத்தத்தில் நின்றது.

கவர்னர் கவ்விவிட்டது. டாக்கீஸ் ஓட்டமாக ஓடினார். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே பிடித்திருந்தது. அதற்கப்புறம் நடந்தது அவருக்கு அன்றாட வேலை. கதவைத் திறந்தார், ஏணி போட்டார், "கீழ பார்க்காதீங்க, என்னைப் பாருங்க" என்று ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டார். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு, ஒருவருக்கு நெற்றியில் வீக்கம். பதினொரு பேரும் உயிரோடு வந்தார்கள். கடைசியாக வந்த பொருளாளர் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது. ஏன் எடுத்துவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்தாம் மாடியில் செயலாளர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். செருப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. தன் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்கீஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இயக்குநர் சுவரோடு சாய்ந்து, பென்சிலை இரண்டாக ஒடித்து, அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஸ்பேனர் மறுநாள் தானே லிஃப்ட் இன்ஸ்பெக்டரிடம் போய், பொய்க் கையெழுத்து போட்ட அந்த சர்வீஸ் அட்டையை ஒப்படைத்துவிட்டான். தொடர் அதோடு நின்றது. 'லிஃப்ட் நிஜமாகவே விழுந்தது, மன்னியுங்கள்' என்று இயக்குநர் ஒரு நிமிட வீடியோ போட்டாள். அதற்கும் கீழே, 'என்ன நடிப்புடா சாமி!' என்று எண்ணூறு பேர் சிரித்திருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மிஷின் ரூமில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது டாக்கீஸுக்கு மெயில் வந்தது. 'புகார் எண் 417. அன்றைக்கு உங்களுக்கு அந்தப் பதிலை அனுப்பியது மிஷின் இல்லை சார். நான்தான். உங்கள் மெயிலை முழுசாகப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு நம்பர் போட்டு அனுப்பினேன். தூக்கம் வரவில்லை. இனிமேல் படம் எடுக்க மாட்டேன்.'

அவர் இரண்டு நாள் பதில் போடவில்லை. கோபம் இருந்தது. கொஞ்ச நஞ்சக் கோபம் இல்லை. மனைவியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, "நீங்களும் எழுதினீங்க, அவளும் சிரிச்சா. ரெண்டு பேருக்கும் முட்டைதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் பகுதியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதினார்: 'ஆறாவது நிமிடத்தில், லிஃப்ட் இறங்கும்போது, அவருடைய கண் ஒரு நொடி பயந்தது. வேறு யாராவது என்றால் அதை வெட்டியிருப்பார்கள். நீங்கள் வெட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த படம் எடுத்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.'

அனுப்பிவிட்டுப் பார்த்தார். டீ ஆறிப்போயிருந்தது. கீழே எந்த மாடியிலோ யாரோ மணி அடித்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.